நூலகத்துக்குள் நீச்சல் குளம் எதற்கு? பிட்ஸ்பர்க் வட்டாரப் பொது நூலகங்களின் கதை

கேள்வி இதுதான்: "மகன் வீட்டுக்குப் பிட்ஸ்பர்க் வந்திருக்கிறேன். மேட்டின் மேல் அரண்மனை மாதிரி ஒரு நூலகம். உள்ளே போனால் நீச்சல் குளமும் கச்சேரி மண்டபமும் இருக்கின்றன. இன்னொரு பேட்டையில் தெருமுனையில் சின்னதாக, புத்தகம் மட்டும் வைத்து ஒரு நூலகம். இரண்டும் கார்னெகி கட்டியது என்கிறார்கள். ஒரே ஆள் கட்டியதில் ஏன் இவ்வளவு வித்தியாசம்?"

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குளம் இருந்தால் அது உருக்காலை முதலாளியான கார்னெகி தன் சொந்தப் பணத்திலேயே நடத்த ஏற்பாடு செய்தது. புத்தகம் மட்டும் இருந்தால் கட்டடம் அவருடையது, மாதச் செலவு ஊர் வரிப்பணம். விதிவிலக்கு இல்லாமல் இல்லை. ஆனாலும் பிட்ஸ்பர்க் அடங்கிய அலெகேனி கவுண்டியைச் சுற்றிப் பார்க்க இந்த ஒரு கணக்கு பெரிதும் உதவும். கல்லும் கோபுரமும் பிறகு. 'கரண்ட் பில் யார் கட்டினார்கள்?' என்று முதலில் கேட்டுவிட வேண்டும்.

பெயர்க் குழப்பத்தையும் இப்போதே தீர்த்துவிடலாம். அலெகேனி என்பது ஆற்றின் பெயர். நம் மாவட்டம் போன்ற அந்தக் கவுண்டிக்கும் அதே பெயர். 1907 வரை ஆற்றுக்கு வடகரையில் தனியாக இருந்த ஒரு நகரத்துக்கும் அதே பெயர்தான். அந்த ஆண்டு பிட்ஸ்பர்க் அதை விழுங்கிவிட்டது. இன்று 'நார்த் சைடு' என்கிறார்களே, அந்தப் பகுதிதான்.

ஆண்ட்ரூ கார்னெகியின் குடும்பம் 1848-இல் ஸ்காட்லாந்திலிருந்து வந்து இறங்கியது அந்த அலெகேனி நகரத்தில். பையனுக்கு அப்போது 12 வயது. நூல் ஆலையில் வேலை, வாரச் சம்பளம் 1 டாலர் 20 சென்ட். பிறகு தந்தி ஆபீஸில் செய்தி கொண்டு போகும் பையன். அந்த ஊரில் கர்னல் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்று ஒரு வசதியானவர் இருந்தார். தன் வீட்டில் இருந்த சுமார் 400 புத்தகங்களை, வேலைக்குப் போகும் பையன்களுக்குச் சனிக்கிழமைகளில் இரவல் கொடுத்தார். இந்த வாரம் ஒன்றை எடுத்தால் அடுத்த வாரம் அதைக் கொடுத்துவிட்டு வேறு எடுக்கலாம். பின்னாளில் அந்த நூலகம் பெரிதானபோது, தொழில் பழகுபவர்களுக்கு மட்டுமே இலவசம், மற்றவர்கள் ஆண்டுக்கு 2 டாலர் கட்ட வேண்டும் என்று விதி வந்தது. தந்திப் பையன் தொழில் பழகுபவன் இல்லையே! கார்னெகி சும்மா இருக்கவில்லை. உள்ளூர்ப் பத்திரிகைக்கு ஆசிரியர் கடிதம் எழுதி வாதாடினார். விதி தளர்ந்தது. உலகம் முழுக்க 2,500-க்கும் மேற்பட்ட நூலகங்களுக்குப் பணம் கொடுத்த மனிதருக்கு நூலகத்தோடு ஏற்பட்ட முதல் தகராறே கட்டணத் தகராறுதான்.

அந்தக் கர்னலுக்கு 1904-இல் கார்னெகி எழுப்பிய நினைவுச் சின்னம் நார்த் சைடில் இருக்கிறது. சிற்பி டேனியல் செஸ்டர் ஃபிரெஞ்ச். வாஷிங்டனில் உட்கார்ந்திருக்கும் லிங்கனைச் செய்தாரே, அவரேதான். கர்னலின் தலை மட்டும் மேலே மார்பளவுச் சிலையாக இருக்கிறது. அதற்கு முன்னால், சட்டை போடாத ஒரு கொல்லர் பட்டறைக்கல்லின் மேல் உட்கார்ந்து, மடியில் புத்தகத்தை விரித்து வைத்து, குனிந்து படித்துக்கொண்டிருக்கிறார். எல்லாரும் கொல்லரைத்தான் படம் எடுக்கிறார்கள், கர்னலை யாரும் பார்ப்பதில்லை. 1960-களில் அந்த வட்டாரத்தையே இடித்து நிரவிப் புதுப்பித்தபோது இந்தச் சின்னத்தையும் கழற்றிப் போட்டுவிட்டார்கள். 1988-இல்தான் மறுபடி சேர்த்து நிறுத்தினார்கள்.

சரி, கட்டடங்களுக்கு வருவோம். 1881-இல் கார்னெகி பிட்ஸ்பர்க் நகராட்சியிடம் ஒரு பேச்சு வைத்தார். 'நூலகம் கட்ட 2,50,000 டாலர் தருகிறேன். இடம் நீங்கள் கொடுங்கள், ஆண்டுச் செலவையும் வரியிலிருந்து நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.' நம் ஊர் வீட்டு வரி ரசீதில் 'நூலக வரி' என்று ஒன்று இருக்குமே, அப்படி ஒரு ஏற்பாட்டைத்தான் அவர் கேட்டார். நூலகத்துக்காக வரிப்பணத்தைச் செலவிடச் சட்டத்தில் தங்களுக்கு அதிகாரம் இல்லை என்று நகராட்சி கை விரித்துவிட்டது. ஆற்றுக்கு அக்கரையில் இருந்த அலெகேனி நகரம் 1886-இல் சரி என்றது. அதைப் பார்த்த பிறகுதான் பிட்ஸ்பர்க்குக்குச் சூடு பிடித்தது. அதுவும் ஒப்புக்கொண்டது, 1890-இல் நன்கொடை 10 லட்சம் டாலராக உயர்ந்தது.

இதற்கிடையில் பிராடாக் என்ற ஊரில் வேறொரு கதை நடந்தது. மொனோங்கஹீலா ஆற்றங்கரையில், பிட்ஸ்பர்க்கிலிருந்து கிழக்கே கொஞ்ச தூரத்தில் இருக்கிறது. கார்னெகியின் எட்கர் தாம்சன் உருக்காலை அங்கேதான் 1875-இல் தொடங்கியது. அந்த ஆலை இன்றும் ஓடுகிறது என்பதை மறந்துவிடாதீர்கள், கடைசியில் தேவைப்படும். பிராடாக்கில் அவர் நகராட்சி எதையும் கேட்கவில்லை. அவர் ஆலை, அவர் ஆட்கள், அவர் பணம். அங்கே நூலகம் திறந்தது 1889 மார்ச் 30. அலெகேனி நகர நூலகம் திறந்தது 1890 பிப்ரவரி. அதற்கு ஜனாதிபதி பெஞ்சமின் ஹாரிசனே வந்திருந்தார். அமெரிக்காவின் முதல் கார்னெகி நூலகம் எது என்று இரண்டு ஊர்க்காரர்களுக்கும் ஒரு செல்லச் சண்டை உண்டு. முதலில் முடிவானது அலெகேனி, முதலில் திறந்தது பிராடாக். இரண்டு பேர் சொல்வதும் சரி.

இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் முகஜாடை தெரியும். கொத்திய தடம் தெரியும் முரட்டுக் கல், தடித்த சுவர், வாசலில் அகலமான அரைவட்ட வளைவு, ஒரு கோபுரம். இந்த மோஸ்தருக்கு வேர், பிட்ஸ்பர்க் நடுவில் 1888-இல் கட்டி முடிந்த கவுண்டி நீதிமன்றம். அதை வடிவமைத்த ஹென்றி ஹாப்சன் ரிச்சர்ட்சன் அது முடியும் முன்பே, 1886-இல் இறந்துவிட்டார். ஆனால் அதற்குப் பிறகு ஒரு பத்து வருஷத்துக்குக் கவுண்டியில் எதைக் கட்டினாலும் அவர் சாயல் இல்லாமல் கட்டவில்லை. பழைய ரோமனெஸ்க் பாணியை அமெரிக்கக் கருங்கல்லுக்குப் பழக்கியவர் அவர். மதிப்பாகத் தெரிய வேண்டும், மடம் மாதிரியும் இருக்க வேண்டும், அசைக்க முடியாது என்ற எண்ணமும் வர வேண்டும். புதுப் பணக்கார ஊருக்கு அது கச்சிதமாகப் பொருந்தியது.

அலெகேனி நூலகத்தை வடிவமைத்தவர்கள் ஸ்மித்மேயர், பெல்ஸ் என்ற இருவர். வாஷிங்டனில் இருக்கும் காங்கிரஸ் நூலகத்தின் வடிவமும் இவர்களிடமிருந்து வந்ததுதான். சாம்பல் நிறக் கருங்கல், மணிக்கூண்டு, ஒட்டினாற்போல் ஒரு இசை மண்டபம். வரிப்பணத்தில் நடந்த நூலகத்துக்கு மண்டபம் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். நான் சொன்ன விதிவிலக்கு இதுதான். அதுவே முதல் பெரிய நன்கொடை, கார்னெகியின் கை இன்னும் சுருங்கவில்லை. ஆனால் குளமும் குளியலறையும் அங்கே கிடையாது.

அவை பிராடாக்கில் இருந்தன. அங்கே கட்டடக் கலைஞர் வில்லியம் ஹால்சி வுட். மேலே வாசிப்பு அறை, பில்லியர்ட்ஸ் மேசைகள். தரைக்குக் கீழே குளியலறை. ஆலையிலிருந்து கரியும் வேர்வையுமாக வருபவர் முதலில் கீழே போய்க் குளித்துவிட்டு, பிறகு மேலே ஏறிப் புத்தகத்தைத் தொட வேண்டும் என்பது ஏற்பாடு. இதைக் கேட்டவுடன் 'நம்மைத் தொட்டால் தீட்டு என்கிறார்களா' என்று எனக்கும் சுருக்கென்றது. பிறகு அந்தக் காலத்து ஆலைக் குடியிருப்புகளைப் பற்றிப் படித்தேன். பல குடும்பங்களுக்கு முற்றத்தில் பொதுவாக ஒரே தண்ணீர்க் குழாய். அப்படிப்பட்ட இடத்தில் வெந்நீரோடு குளியலறை என்பது சாதாரண விஷயம் இல்லை. புத்தகத்தைவிடக் குளியலுக்காக வந்தவர்களும் இருந்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன். 1893-இல் கட்டடத்தை ஏறக்குறைய இரட்டிப்பாக்கி, 964 இருக்கை கொண்ட இசை மண்டபம், உடற்பயிற்சிக் கூடம், நீச்சல் குளம் எல்லாம் சேர்த்தார்கள்.

இந்த வள்ளல்தனத்துக்கு ஒரு முன்கதை உண்டு. அதைச் சொல்லாமல் கட்டடத்தைப் புகழ எனக்கு மனம் வராது. எட்கர் தாம்சன் ஆலையில் அதுவரை 8 மணி நேர வேலை முறை இருந்தது. 1887 கடைசியில் ஆலையை மூடிப் பல மாதம் கதவடைப்பு செய்து, 1888-இல் திறந்தபோது 12 மணி நேரமாக்கிவிட்டார்கள். சம்பளத்தையும் உருக்கு விலையோடு ஏறி இறங்கும்படி கட்டிப்போட்டார்கள். அடுத்த ஆண்டே நூலகம் திறப்பு விழா. நாளில் நாலு மணி நேரத்தை எடுத்துக்கொண்டு, படிக்க இடம் கொடுத்தார்.

ஹோம்ஸ்டெட்டில் இது இன்னும் பச்சையாகத் தெரியும். நீங்கள் பார்த்த அரண்மனை அதுவாகத்தான் இருக்க வேண்டும். அதிகாரப்படி மன்ஹால் என்ற ஊருக்குள் வருகிறது. 1892 ஜூலை 6 அன்று ஹோம்ஸ்டெட் ஆலையில் வேலைநிறுத்தம் செய்தவர்களுக்கும், ஆலை நிர்வாகம் படகில் ஏற்றிக் கொண்டுவந்த 300 பிங்கர்ட்டன் கூலிக்காவலர்களுக்கும் ஆற்றங்கரையில் நாள் முழுக்கச் சண்டை. இரு தரப்பிலும் உயிர்கள் போயின. பிறகு 8,000-க்கும் மேற்பட்ட மாநிலப் படையினர் வந்து ஊருக்கு மேலே மேட்டில் முகாம் போட்டார்கள். சங்கம் முறிந்தது. கார்னெகி அப்போது ஸ்காட்லாந்தில் இருந்தார், களத்தில் நின்றவர் அவருடைய தொழில் கூட்டாளி ஹென்றி ஃபிரிக். ஆறு வருஷம் கழித்து, 1898 நவம்பர் 5 அன்று, படை முகாம் போட்ட அதே மேட்டில் நூலகம் திறந்தது.

வடிவம் முற்றிலும் மாறிவிட்டதைக் கவனியுங்கள். முரட்டுக் கல்லும் கோட்டைக் கோபுரமும் போய்விட்டன. பிரெஞ்சு மறுமலர்ச்சி பாணி, நீளமான சமச்சீர் முகப்பு, நடுவில் நூலகம், ஒரு பக்கம் ஆயிரம் பேருக்கு மேல் உட்காரும் மண்டபம், மறு பக்கம் குளத்தோடு விளையாட்டு மன்றம். வாசலில் நின்று கீழே பார்த்தால் அந்தக் காலத்தில் ஆலைப் புகைபோக்கிகள் வரிசையாகத் தெரிந்திருக்கும். ஆலை 1986-இல் மூடியது, இப்போது அந்த இடத்தில் கடைத்தெருவும் சினிமா தியேட்டரும்.

நூலகம் திறந்து சில ஆண்டுகளில் மார்கரெட் பையிங்டன் என்ற ஆய்வாளர் ஹோம்ஸ்டெட் குடும்பங்களின் வரவு செலவைக் கணக்கெடுக்க வந்தார். அவரிடம் ஊர்க்காரர் ஒருவர் சொன்னதன் சாரம் இது: எங்கள் கூலியைக் குறைக்காமல் விட்டிருந்தால் நாங்களே செலவழித்துக்கொண்டிருப்போம், 12 மணி நேரம் வேலை செய்கிறவனுக்கு நூலகம் எதற்கு? இதற்குப் பதில் சொல்வது கஷ்டம். ஆனால் கதை அந்தத் தலைமுறையோடு முடியவில்லை. அதே குளத்தில் நீந்திப் பழகிய லெனோர் கைட் 1932 ஒலிம்பிக்ஸில் 400 மீட்டர் நீச்சலில் வெள்ளி வாங்கினார், 1936-இல் வெண்கலம். அப்பாக்களுக்கு நேரம் கிடைக்கவில்லை, பிள்ளைகளுக்குக் கிடைத்தது. இரண்டும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை அழிக்க வேண்டியதில்லை.

1901-இல் கார்னெகி தன் கம்பெனியை வங்கியாளர் ஜே. பி. மார்கன் கூட்டத்துக்கு 48 கோடி டாலருக்கு விற்றார். விற்ற கையோடு பிராடாக், ஹோம்ஸ்டெட், டுக்கேன் ஆகிய மூன்று ஆலை ஊர்களின் நூலகங்களையும் மண்டபங்களையும் நடத்த 10 லட்சம் டாலரை நிரந்தர நிதியாக வைத்தார். அவர் பெயரையே வைத்துக்கொண்ட கார்னெகி என்ற சிற்றூரின் நூலகத்துக்கும் தனி நிதி. மற்ற ஊர்களுக்கெல்லாம் 'கட்டடம் என்னுடையது, பராமரிப்பு உன்னுடையது' என்ற கறார். ஆண்டுதோறும் நன்கொடையில் 10 சதவீதத்தை ஊர் ஒதுக்க வேண்டும் என்பதுதான் பின்னாளில் அவர் விதி. நிரந்தர நிதி வைத்த ஊர்கள் தப்பித்தன என்று நினைப்பீர்கள். நடந்தது நேர்மாறு. 1904-இல் திறந்த டுக்கேன் நூலகத்தை 1968-இல் இடித்தே விட்டார்கள். பிராடாக் நூலகம் 1974-இல் மூடியது. 1901-இல் மலை மாதிரி இருந்த தொகை, ஆலை வேலைகளும் குறைந்து, ஜனமும் போய், விலைவாசி ஏறியபின் கூரை ஒழுகலை அடைக்கக்கூடக் காணவில்லை. 1920-இல் 20,000 பேர் வாழ்ந்த பிராடாக்கில் இன்று 2,000 பேர்கூட இல்லை.

அந்தக் கார்னெகி சிற்றூர் நூலகம் 1901-இல் திறந்தது. ஒரு காரணத்துக்காக அதைப் பார்க்கலாம். மாடியில் ஒரு அறையை அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் சண்டை போட்ட உள்ளூர்க்காரர்களின் சங்கத்துக்குக் கொடுத்திருந்தார்கள். சங்கத்தார் ஒவ்வொருவராக இறந்துபோக, அறையை அப்படியே பூட்டிவிட்டார்கள். பல பத்தாண்டுகள் கழித்துத் திறந்தால் நாற்காலி, கொடி, போர்க்களத்திலிருந்து கொண்டுவந்த சாமான் எல்லாம் வைத்த இடத்திலேயே இருந்தன. இப்போது சீர்படுத்தி வைத்திருக்கிறார்கள்.

இனி வரிப்பணத்து நூலகங்கள். பிட்ஸ்பர்க்கின் தலைமை நூலகம் ஓக்லாண்டில் 1895 நவம்பர் 5 அன்று திறந்தது. வாசலுக்கு மேலே 'மக்களுக்கு இலவசம்' என்று ஆங்கிலத்தில் கல்லில் வெட்டியிருக்கும். இரண்டு டாலர் கட்டணத்துக்காகக் கடிதம் எழுதிய பையனை நினைத்துக்கொண்டு அதைப் படியுங்கள். கட்டியது லாங்ஃபெலோ, ஆல்டன், ஹார்லோ கூட்டணி. இதில் ஃபிராங்க் ஆல்டன்தான் ரிச்சர்ட்சன் ஆபீஸிலிருந்து கவுண்டி நீதிமன்றக் கட்டுமானத்தை மேற்பார்க்க இந்த ஊருக்கு அனுப்பப்பட்டவர். வந்தவர் ஊரோடு தங்கிவிட்டார். லாங்ஃபெலோ சீக்கிரமே பாஸ்டன் திரும்பிவிட, மற்ற இருவரும் கவுண்டியின் பாதி நூலகங்களைக் கட்டினார்கள் என்றே சொல்லலாம். ஹோம்ஸ்டெட்டும் அவர்களுடையதுதான்.

ஓக்லாண்ட் கட்டடத்தின் இசை மண்டபப் பக்கம் முதலில் இரண்டு உயரமான கோபுரங்கள் இருந்தன. கார்னெகிக்கு அவை பிடிக்கவில்லை, கழுதைக் காதுகள் என்று கிண்டலடித்தார் என்பார்கள். 1907-இல் அருங்காட்சியகத்தையும் சேர்த்துப் பல மடங்கு பெரிதாக்கியபோது காதுகள் போய்விட்டன. வெளிச்சுவர் கல் ஒரு காலத்தில் அட்டைக்கரியாக இருந்தது. அந்தக் கல்லே கறுப்புதான் என்று நம்பி வளர்ந்த பிட்ஸ்பர்க்காரர்கள் உண்டு. 1990-ஐ ஒட்டிக் கழுவினார்கள், உள்ளே வெளிர்சாம்பல் இருந்தது. நூலகத்துக்குக் காசு கொடுத்த அதே உருக்குத் தொழிலின் புகை, நூலகத்தின் மேலேயே நூறு வருஷம் உட்கார்ந்திருந்தது.

எனக்கு இவை எல்லாவற்றையும்விடப் பிடித்தது லாரன்ஸ்வில் கிளை நூலகம். 1898 மே மாதம் திறந்த முதல் கிளை. வெளியிலிருந்து பார்த்தால் அடக்கமான செங்கல் கட்டடம், படம் எடுக்கக்கூடத் தோன்றாது. உள்ளே நடந்த மாற்றம் பெரியது. அதற்கு முன் நூலகத்தில் புத்தகங்கள் உள்ளே அடுக்கில் இருக்கும். நீங்கள் சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும், ஊழியர் போய் எடுத்து வருவார். ஜவுளிக்கடையில் 'அந்த மேல் தட்டில் இருக்கிற பச்சையை எடுங்க' என்பது போல. லாரன்ஸ்வில்லில் வாசகரே அடுக்குக்குள் போய் எடுக்கலாம் என்று திறந்துவிட்டார்கள். அந்த நாளில் அது துணிச்சல். புத்தகம் திருட்டுப் போகாதா?

போகாதபடி பார்த்துக்கொண்டது கட்டட அமைப்பு. நடுவில் நூலகரின் மேசை. பின்பக்கச் சுவர் அரைவட்டமாக வளைந்திருக்கும், அலமாரிகள் மேசையை மையமாக வைத்து விசிறி மட்டை போல விரிந்து நிற்கும். மேசையில் உட்கார்ந்தபடி தலையைத் திருப்பினால் ஒவ்வொரு சந்தும் கடைசி வரை தெரியும். ஒரு பக்கம் பெரியவர்களின் வாசிப்பு அறை, மறுபக்கம் குழந்தைகளுக்கென்றே ஒரு அறை. தடுப்புகளில் கண்ணாடி. ஒரே ஒருவர் முழு நூலகத்தையும் கண்காணிக்கலாம், ஆகவே சம்பளச் செலவும் குறைவு. குழந்தைகளுக்குத் தனி அறை என்பதே அமெரிக்காவில் அப்போது புதுசு. சிறைச்சாலை வரைபடமும் இப்படித்தான் இருக்கும் என்று கட்டடக்கலை படித்தவர்கள் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் இங்கே கண்காணிப்பை ஏற்றுக்கொண்டதற்குப் பதிலாக அலமாரியின் சாவி கைக்கு வந்தது. புத்தக முதுகுகளைத் தடவிக்கொண்டே போய், தேடாத ஒரு புத்தகத்தை எடுக்கும் சுகம் அங்கேதான் இந்த ஊர்க்காரர்களுக்குத் தொடங்கியது.

அடுத்து வரிசையாகக் கிளைகள்: 1899-இல் வெஸ்ட் எண்ட், வைலி அவென்யூ, 1900-இல் மவுண்ட் வாஷிங்டன், ஹேசல்வுட், பிறகு ஈஸ்ட் லிபர்ட்டி, சவுத் சைடு, ஹோம்வுட். எல்லாம் நடந்து போகும் தூரத்தில், ஆலைத் தொழிலாளர் பேட்டைகளில். குளம் கிடையாது. பிள்ளைகளை உட்கார வைத்துக் கதை சொல்வதை ஒரு நூலக வேலையாகவே முறைப்படுத்தியவர்களில் பிட்ஸ்பர்க்காரர்கள் முன்னோடிகள். குழந்தைகள் நூலகர்களைப் பயிற்றுவிக்கத் தனிப் பள்ளியே இங்கே நடந்தது.

நன்கொடை பெருகப் பெருகக் கார்னெகியின் செயலாளர் ஜேம்ஸ் பெர்ட்ரம் கறாரானார். ஊர்க்காரர்கள் பணத்தை வாங்கித் தூணிலும் கணப்பு அடுப்பிலும் வீணடிக்கிறார்கள் என்று, நூலகம் எப்படிக் கட்ட வேண்டும் என ஒரு குறிப்பேடு அச்சிட்டு அனுப்பினார். கார்னெகி ஆங்கில எழுத்துக்கூட்டலைச் சுருக்கும் இயக்கத்துக்கும் காசு கொடுத்தவர். ஆகவே அந்தக் குறிப்பேட்டின் தலைப்பில் 'பில்டிங்' என்ற சொல்லில்கூட 'யு' எழுத்தை விட்டுவிட்டுத்தான் அச்சிட்டார்கள். சிக்கனம் என்றால் அப்படி.

வைலி அவென்யூ கிளை இருந்தது ஹில் டிஸ்ட்ரிக்ட்டில், கறுப்பின மக்கள் பேட்டை. நாடகாசிரியர் ஆகஸ்ட் வில்சன் 1945-இல் அங்கே பிறந்து, ஐந்து வயதிலேயே நூலக அட்டை வாங்கியவர். பள்ளியில் நெப்போலியனைப் பற்றி 20 பக்கக் கட்டுரை எழுதினார். இவ்வளவு நன்றாக நீயே எழுதியிருக்க மாட்டாய், காப்பியடித்தாய் என்று ஆசிரியர் சந்தேகப்பட, 15 வயதில் பள்ளியை விட்டு வெளியேறிவிட்டார். வீட்டில் சொல்லவில்லை. பள்ளி நேரம் முழுக்க ஓக்லாண்ட் தலைமை நூலகத்தில் உட்கார்ந்து படித்தார். இரண்டு புலிட்சர் பரிசு வாங்கிய அவருக்கு, பின்னாளில் அந்த நூலகமே உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் கொடுத்தது. இந்தக் கதையைச் சொல்லும்போது இங்கே பலர் வாசலில் இருக்கும் அந்த எழுத்துக்களைக் கை காட்டுவார்கள். வைலி அவென்யூ பழைய கட்டடம் இப்போது பள்ளிவாசல்.

பிறகு வந்த ஐம்பது அறுபது ஆண்டுகளை வேகமாகக் கடந்துவிடுகிறேன். புறநகர்கள் பெருகின, தட்டைக் கூரையும் பெரிய கார் நிறுத்துமிடமுமாகப் பல நூலகங்கள் வந்தன. பயனுள்ளவை, ஆனால் பேச அதிகம் இல்லை. கவுண்டியில் 130 உள்ளாட்சிகள். ஒவ்வொன்றும் தன் நூலகத்தைத் தானே நடத்த வேண்டும் என்றால் ஏழை ஊர் என்ன செய்யும்? 1994-இல் கவுண்டி முழுக்க விற்பனை வரியில் கூடுதலாக 1 சதவீதம் போட்டு, அதில் பாதியை நூலகம், பூங்கா, அருங்காட்சியகம் போன்ற பொதுச் சொத்துகளுக்கு ஒதுக்கினார்கள். கடை ரசீதில் 7 சதவீதம் இருக்கிறதே, மாநில வரி 6 போக மீதி அதுதான். துணிமணிக்கு இங்கே வரி இல்லை என்பதால் நம் ஆட்கள் இதைக் கவனிப்பதில்லை.

அதுவும் போதவில்லை. 2009-இல் பிட்ஸ்பர்க் நூலக நிர்வாகம் லாரன்ஸ்வில், வெஸ்ட் எண்ட் உட்படச் சில கிளைகளை மூடுவதாக அறிவித்தது. ஊர் கொந்தளித்தது. மூடவில்லை. 2011 நவம்பரில் நகர மக்களிடம் நேரடியாக வாக்கெடுப்பு: ஒரு லட்சம் டாலர் மதிப்புள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 25 டாலர் நூலகத்துக்கென்று சொத்து வரி கட்டச் சம்மதமா? 72 சதவீதம் பேர் சம்மதம் என்றார்கள். வரி கூடட்டும் என்று மக்களே ஓட்டுப் போட்ட அதிசயம். 1881-இல் நகராட்சி சொல்லத் தயங்கிய 'சரி'யை 130 வருஷம் கழித்து வாக்காளர்கள் சொன்னார்கள்.

அலெகேனி நூலகத்துக்கு என்ன ஆனது? 2006-இல் மணிக்கூண்டில் இடி விழுந்து, ஒரு பெரிய கருங்கல் பாளம் கூரையைப் பொத்துக்கொண்டு உள்ளே இறங்கியது. நூலகம் 2009-இல் பக்கத்திலேயே புதுக் கட்டடத்துக்குப் போய்விட்டது. பழைய கட்டடத்தைச் சிறுவர் அருங்காட்சியகத்தார் எடுத்து, 'மியூசியம் லேப்' என்று 2019-இல் திறந்தார்கள். 1970-களில் யாரோ அடித்திருந்த பொய்க்கூரையைப் பிய்த்தபோது பழைய வளைவுகள் வெளியே வந்தன. அவற்றைப் பூசி மெழுகாமல், உடைந்த மேனிக்கே விட்டிருக்கிறார்கள். நல்ல முடிவு என்பேன்.

பிராடாக்கை விட்ட இடத்துக்கு வருகிறேன். 1974-இல் மூடியபின் இடிக்க இருந்ததைக் கடைசி நூலகர் டேவிட் சாலமன் 1 டாலருக்கு வாங்கிக் காப்பாற்றினார். 1983-இல் குழந்தைகளுக்காக ஒரே ஒரு அறையைத் திறந்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக அறை அறையாக மீட்டார்கள். 2012-இல் தேசிய வரலாற்றுச் சின்னம் என்ற தகுதி கிடைத்தது. தொழிலாளர் குளித்துவிட்டு மேலேறிய கீழ்த்தளக் குளியலறை மட்பாண்டக் கூடமானது. வெள்ளை ஓடு பதித்த சுவர்களுக்கு நடுவே களிமண் சக்கரம் சுற்றியதை ஒரு தடவை பார்த்தேன். கரியைக் கழுவிய இடத்தில் இப்போது வேண்டுமென்றே சேற்றைப் பூசிக்கொள்கிறார்கள் என்று என் மனைவி சிரித்தாள்.

உங்களுக்கு ஒரு நாள்தான் இருக்கிறதென்றால் இப்படிப் போங்கள். காலையில் நார்த் சைடு கொல்லர் சிலை. பிறகு லாரன்ஸ்வில், ஐந்து நிமிடம் நூலகர் மேசைக்குப் பக்கத்தில் நின்று சுற்றிலும் பாருங்கள். மதியத்துக்கு முன் ஓக்லாண்ட். பென் ஹில்ஸ் வெங்கடேஸ்வரர் கோவிலுக்கு எப்படியும் போவீர்கள், அங்கே சாப்பாட்டை முடித்துக்கொண்டு பிராடாக்குக்கு இறங்குங்கள், காரில் அதிக நேரம் ஆகாது. நூலக வாசலில் நின்றால் தெருக்கோடியில் எட்கர் தாம்சன் ஆலையின் புகை தெரியும். நன்கொடை கொடுத்த ஆலையும் நன்கொடையாக வந்த நூலகமும் இரண்டுமே உயிரோடு இருப்பதை அங்கே ஒரே பார்வையில் பார்க்கலாம். ஹோம்ஸ்டெட்டைத்தான் ஏற்கெனவே பார்த்துவிட்டீர்களே.

கிளம்புவதற்கு முன் பிராடாக் நூலகத்தில் ஓவியங்கள் வைத்திருக்கும் பகுதியைக் கேளுங்கள். 2013-இல் தொடங்கினார்கள். உங்கள் மகனிடம் நூலக அட்டை இருந்தால், சட்டம் போட்ட ஓவியத்தைப் புத்தகம் மாதிரியே இரவல் வாங்கி வீட்டில் மாட்டிக்கொள்ளலாம். எங்கள் கூடத்தில் இப்போது தொங்குவதைத் திருப்பிக் கொடுக்க வரும் செவ்வாய்க்கிழமை கடைசி நாள். அதற்குள் வந்தால் என்னோடே போகலாம்.